திரையில் நகையும் அச்சமும்

பேய் வரும் காட்சியிலே சிரிப்பொலி எழுவதைப் படமாளிகைகளிலே கேட்ட நேயர் பலர் இருப்பர். திரையிலே பிணமொன்று எழுந்து நடக்கிறது. முன்வரிசையிலிருந்து ஒருவர் அலறுகிறார். அடுத்த கணமே அரங்கு முழுவதும் நகைக்கிறது. இதனைச் சுவையறியாதார் செயலென்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின், அச்சத்தையும் நகைப்பையும் வேண்டுமென்றே ஒரு கலத்திலிட்டுப் பரிமாறும் படங்கள் பல உள. அவற்றைத் திரும்பத் திரும்ப நாடிச் செல்லும் சுவைஞரும் உளர். அவர்கள் நாடுவது யாது?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபொழுது நகையை முதலில் வைத்தார். அச்சத்தைப் பிறிதொன்றாக வைத்தார். அச்சம் பிறக்கும் இடங்களாக அவர் காட்டுவன நான்கு: அணங்கு, கொடு விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. தெய்வத்தையும் பேயையும் கண்டு நடுங்குவதோடு, ஆள்வோரைக் கண்டு நடுங்குவதையும் அவர் ஒரே வரிசையில் நிறுத்தியது கருதத்தக்கது.

இவ்விரு சுவைகளும் கலப்பது தமிழுக்குப் புதிதன்று. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலே, போர்க்களத்தில் வீழ்ந்த யானையைப் பானையாக்கிப் பேய்கள் கூழ் அடுகின்றன. பசியால் மெலிந்த அப்பேய்களின் முறையீடும், குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கூழ் வார்க்கும் பந்தியும் படிப்போரை நகைக்கச் செய்கின்றன. எனினும் அந்நகை வென்றவர் நகை. கூழாய்க் கொதிப்பவர் எந்தத் தாயின் மக்கள் என்று அங்கே எவரும் வினவுவதில்லை.

மேனாட்டுத் திரைப்படத்திலே கரிய நகைச்சுவை எனப்படுவது இவ்வினாவைச் சற்றே கிளறிவிடுகிறது. 1949இல் இங்கிலாந்தின் ஈலிங் படநிலையத்திலிருந்து வெளிவந்த 'கைன்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரனெட்ஸ்' என்னும் படத்தில், கோமகன் பட்டத்தை அடைவதற்காக ஓர் இளைஞன் தன் உறவினரை ஒருவர்பின் ஒருவராகக் கொல்கிறான். அவ்வுறவினர் அனைவராகவும், ஒரு சீமாட்டியாகவுங்கூட, நடித்தவர் அலெக் கின்னஸ். கொலைகளை அவ்விளைஞன் விருந்தொன்றை வருணிப்பவன் போல நயத்தக்க மொழியில் எடுத்துரைக்கிறான். முடிவில், தன் குற்றங்களை எழுதிய ஏட்டினைச் சிறையறையிலே மறந்துவிட்டு வெளியே வருகிறான். படம் அவ்வளவில் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் அது காட்டப்பட்டபோது, ஏடு அதிகாரிகளின் கையில் அகப்படுவதாக ஒரு காட்சி சேர்க்கப்பட்டது. கொலைஞன் தப்பலாகாதென்பது அந்நாட்டுத் தணிக்கை விதி. சிரித்துவிட்டுப் போகட்டும் என விடத் தணிக்கையாளருக்கு மனமில்லை. அவர்கள் அஞ்சியதும் முற்றிலும் பிழையென்று சொல்வதற்கில்லை.

1964இல் ஸ்ரான்லி கியூபிரிக் அளித்த 'டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' இன்னும் துணிவுடையது. பீற்றர் ஜோர்ஜ் எழுதிய கடுமையான நாவலொன்றிலிருந்து, அணுவாயுதப் போரைப் பற்றிக் கடுமையான படமொன்றையே எடுக்க அவர் முதலில் எண்ணினார். உண்மையை உள்ளபடி எழுத முயலுந்தோறும் அது நகைப்புக்கிடமாய் முடிவதைக் கண்டு, நகைச்சுவையையே தம் வழியாக ஏற்றார். உலகம் அழியும் செய்தியை அமெரிக்கத் தலைவர் சோவியத் தலைவருக்குத் தொலைபேசியிலே தெரிவிக்கும் முறை, அயல்வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பவரின் முறை. அச்சம் மாத்திரம் தனியே வந்தால் மனிதன் கண்ணை மூடிக்கொள்கிறான். நகை வந்தால் திறந்து பார்க்கிறான். அப்படிப் பார்த்துவிட்ட பின்னர் மூடுவது அரிது.

இனி, திகிற் படங்களுட் சில தமக்கென ஓர் அடியார் கூட்டத்தையே பெற்றுவிடுகின்றன. 1975ஆம் ஆண்டின் 'றொக்கி ஹொரர் பிக்சர் ஷோ' முதலிலே தோல்வியுற்று, மறுவருடம் நியூயோர்க் நகரில் நள்ளிரவுக் காட்சிகளாக மீண்டும் உயிர்பெற்றது. வந்தோர் திரையோடு உரையாடினர். திருமணக் காட்சியிலே அரிசி எறிந்தனர். இது இன்பமான திருவிழாவே. ஆனால் திருவிழா பெருகப் பெருக அச்சம் அங்கிருந்து விடைபெற்றுவிட்டது. அச்சம் போனபின் எஞ்சும் நகை சற்று இலேசானதே.

இவற்றுக்கு மேலாக வைத்துப் பேசத்தக்கது ஜோர்ஜ் றொமேரோவின் 'நைற் ஒவ் த லிவிங் டெட்'. 1968இல், பென்சில்வேனியா மாநிலத்திலே, பெரிய படநிலையங்களின் துணையின்றி, ஏறக்குறைய 1,14,000 டொலர்ச் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. பெயரை மாற்றியபொழுது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டமையால் அது பொதுவுடைமையாயிற்று. எடுத்தோருக்கு நட்டம், ஆனால் எவரும் எங்கும் காட்டலாம் என்ற நிலையே அதனை ஊர்தோறும் கொண்டு சென்றது. 1999இல் அமெரிக்கத் தேசிய திரைப்படப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது.

படம் ஒரு விளையாட்டிலே தொடங்குகிறது. இடுகாட்டிலே தங்கை அஞ்சுகிறாள். தமையன் குரலை மாற்றிப் பேய் வருகிறதென்று கேலி செய்கிறான். தொலைவில் தள்ளாடி வரும் கிழவரையே பேயென்று சுட்டிக் காட்டுகிறான். அரங்கு நகைக்கிறது. அக்கிழவர் உண்மையிலேயே நடமாடும் பிணம். கேலி செய்தவனே முதலிற் சாகிறான்.

பின்னர் தனித்ததொரு வீட்டிலே சிலர் அடைபட்டுக் கிடக்கின்றனர். அவர்களுள் மதியும் துணிவும் உடையவன் பென். அப்பாத்திரத்தில் நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பின நடிகர். வெளியே, துப்பாக்கி ஏந்திய குடிமக்களை ஷெரிப் ஒருவர் திரட்டி வருகிறார். தொலைக்காட்சி நிருபர் கேட்கும் கேள்விகளுக்கு, மரம் வெட்டும் வேலையைப் பற்றிப் பேசுபவர் போல அவர் மறுமொழி கூறுகிறார்: அடிக்கலாம், எரிக்கலாம், எளிதாகவே தீப்பற்றும் என்று. அரங்கு மறுபடியும் நகைக்கிறது. பயங்கரமான இரவிலே அந்தச் சாவதானமான பேச்சு பெரிய ஆறுதலுங்கூட.

விடிகிறது. இரவெல்லாம் பிணங்களோடு போராடிப் பிழைத்த பென், மனிதக் குரல் கேட்டுச் சாளரத்தண்டை வருகிறான். அதே ஷெரிப், அதே சாவதானமான குரலிலே, சுடுமாறு பணிக்கிறார். உயிருள்ள மனிதன் பிணமென்று கொல்லப்படுகிறான். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலே மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். படம் வெளிவந்தது ஒக்டோபரில். பார்த்தவர்கள் இரண்டையும் இணைத்து நோக்கியதில் வியப்பில்லை.

இத்தகைய படங்கள் நெஞ்சை மரத்துப்போகச் செய்யும் என்று குறைகூறுவோர் உளர். சாவை வெறும் வேடிக்கையாக்கும் படங்களைக் குறித்து அவர் கூறுவது பொருந்தும். இங்கு நிகழ்வதோ வேறு. அணங்குக்கு அஞ்சி அமர்ந்திருந்தவர், இறுதியிலே அஞ்சவேண்டியிருந்தது இறைக்கு என்று காண்கின்றனர். அதனைக் காணவிடாது மறைத்து நின்றது அவர்களுடைய சிரிப்பே. இப்போது காட்டிக்கொடுப்பதும் அதே சிரிப்பே.

சுட்ட பின்னர் படம் அசைவதை நிறுத்திவிடுகிறது. செய்தித்தாட் படங்களைப் போன்ற மங்கலான நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. கொக்கிகளுடன் மனிதர் அணுகுகின்றனர், பென்னின் உடலை இழுத்துச் சென்று ஏனைய பிணங்களின் அருகே விறகின்மீது கிடத்துகின்றனர், தீ மூட்டப்படுகிறது. அதுவரை நகைத்த அரங்கிலே அவ்வேளை ஓசை எழுவதில்லை.