சாலை வருவதற்கு முன் ஒரு பட்டியல்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த அளவெடுக்கிறார்கள். சாலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆம்புலன்ஸ் நெரிசலில் நிற்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். நான் கேட்பது ஒன்றுதான்: எல்லைக்கல் நடுவதற்கு முன், சாலையோரத்தில் இருக்கும் பழஞ்சின்னங்களை நாம் பட்டியல் எடுத்துவிட வேண்டும்.

"அதைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்பீர்கள். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு உண்டு. பட்டியலில் இல்லாத சின்னத்துக்கு அந்த வேலி கிடையாது.

நம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் நிற்கும் சுமைதாங்கிக்கல்லையே பாருங்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இப்படிக் கல் நடுவது நம் ஊர் வழக்கம். நடந்து வருகிறவர் யார் துணையும் இல்லாமல் தலைச்சுமையை இறக்கி வைக்கலாம். அந்தக் கல் நிற்பது புறம்போக்கில்.

1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நிலமெடுப்பு அறிவிப்பு வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் அந்த உரிமை நிலத்தில் பாத்தியதை உள்ளவர்களுக்குத்தான். வீடு போனால் வீட்டுக்காரர் மனு கொடுப்பார். புறம்போக்கில் நிற்கும் கல்லுக்கு யார் கொடுப்பது? அதனால்தான் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

கும்பகோணம் அருகே மானம்பாடியில் ராஜேந்திர சோழன் காலத்து நாகநாதசுவாமி கோயில் இருக்கிறது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலை விரிவாக்கத்தில் அதற்கே ஆபத்து வந்தது. ஆர்வலர்கள் குரல் கொடுத்ததால் கோயில் தப்பியது. கல்வெட்டுள்ள கோயிலுக்குப் பேச ஆள் கிடைத்தார்கள். நம் கல்லுக்கு நாம்தான் பேச வேண்டும்.

என்னென்ன தேட வேண்டும்? நடுகல், பழைய மைல்கல் (சிலவற்றில் தமிழ் எண்கள் இருக்கும்), சத்திரம், தண்ணீர்ப்பந்தல் மண்டபம், படிக்கிணறு, ஏரி மதகு. நூறு வயதுப் புளியமரத்தையும் விடாதீர்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் போதும். புல எண்ணை எழுதுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து நான்கு புறமும் படம் எடுங்கள். சாலையின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து குறியுங்கள். பொறியாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். எழுத்து தெரிந்தால் சுண்ணாம்போ பெயிண்டோ தடவ வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். படம் எடுத்து மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புவோம்.

பட்டியலை மாவட்ட ஆட்சியர், சாலைத் திட்ட அலுவலகம், தொல்லியல் துறை மூன்று இடத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குவோம். முதல் கோரிக்கை, சாலைக் கோட்டைச் சற்று நகர்த்துங்கள் என்பது. வரைபடம் தாளில் இருக்கும்போது அது எளிது, ஜேசிபி வந்த பிறகு கடினம். முடியவே முடியாது என்றால், எங்கே, எப்படி மாற்றி வைப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்போம்.

வருகிற ஞாயிறு காலை 6.30 மணிக்குச் சங்க அலுவலகத்தில் கூடுவோம். அளவு நாடா இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.