தந்தையின் பெயரும் கட்டிலே உண்டு
(திருகோணமலையில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உங்களிற் பலர் சென்ற கிழமை எம்முடன் அமர்ந்து ஒரு ஜேர்மன் திரைப்படத்தைப் பார்த்தீர்கள். ஜியூலியோ ரிச்சியாரெல்லி நெறிப்படுத்தி 2014இல் வெளிவந்த அப்படத்தின் பெயர், மௌனத்தின் சிக்கல்வழியில் என்று பொருள்படும். பார்க்காதோர்க்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறோம்.

ஆண்டு 1958. பிராங்போட் நகரிலே வீதிப் போக்குவரத்துக் குற்றங்களைக் கவனிக்கும் இளம் வழக்குத்தொடுநன் ஒருவன். அவுஷ்விட்ஸ் முகாமிற் காவலனாயிருந்தவன் ஒருவன் இன்று பள்ளிக்கூடத்திற் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான் என்ற செய்தி அவன் காதில் விழுகிறது. அவுஷ்விட்ஸ் என்றால் என்னவென்று தன் வயதினரைக் கேட்கிறான், அவர்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மகனும் தன் தந்தை கொலைகாரனா என்று கேட்கவேண்டுமா என மேலதிகாரி சீறுகிறார். ஆம், அதுதான் வேண்டும் என்கிறான் இளைஞன். பிறகு கட்டுக்கட்டான ஆவணங்களிடையே, தான் தெய்வமாக எண்ணியிருந்த தன் தந்தையும் நாஜிக் கட்சி அங்கத்தவர் என்று காண்கிறான். அங்கே அவன் கால்கள் தள்ளாடுகின்றன.

நாயகன் கற்பனை, வழக்குக் கற்பனையன்று. ஹெஸ்ஸன் மாநிலத் தலைமை வழக்குத்தொடுநர் பிரிட்ஸ் பௌவர், நாஜிகளாற் சிறையிலிடப்பட்ட யூதர், அதற்கு மூலகாரணர். 1963 டிசெம்பர் 20இல் தொடங்கி 1965 ஓகஸ்டில் முடிந்த அவ்வழக்கில் பதினேழு பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்; அறுவருக்கு ஆயுட்சிறை. நூரம்பேர்க்கில் வழக்காடியவர்கள் போரில் வென்றவர்கள். பிராங்போட்டிலோ ஜேர்மன் நீதிபதிகள், ஜேர்மன் சட்டத்தின்கீழ், ஜேர்மானியரை விசாரித்தனர். வேறுபாடு சிறியதன்று.

படம் முடிந்ததும் இளைஞர் சிலர், "இதைச் சிங்கள மக்களுக்கல்லவா காட்டவேண்டும்" என்றனர். அதில் நியாயமில்லையா? உண்டு! 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்நகர்க் கடற்கரையிலே, காந்தி சிலையருகே, ஐந்து மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கைதான பதின்மூவரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். 1996 பெப்ரவரி 11இல் குமாரபுரத்திற் பெண்களும் பிள்ளைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2016இல் அநுராதபுரத்தில் அவ்வழக்கும் விடுதலையிலே முடிந்தது. இவற்றைக் கேட்கும் ஒரு சிங்கள வழக்குத்தொடுநன் எங்கே என்று நாம் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஆனால், தோழர்களே, அந்த இளைஞன் அடுத்த நாட்டான் வீட்டுக் கட்டையா அவிழ்த்தான்?

1956 ஓகஸ்டில் நாற்றிசையிலிருந்தும் யாத்திரையாக நடந்து வந்தவர்கள் இந்தத் திருமலையிலேதான் கூடினார்கள். தந்தை செல்வா தலைமையிலே தமிழரசுக் கட்சி உச்சரித்த சொல் 'தமிழர்' என்பதன்று, 'தமிழ் பேசும் மக்கள்' என்பது. முஸ்லிம் சகோதரரையும் அணைத்த சொல் அது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறப் பணித்தனர். யாழ்ப்பாணத்தில், ஒக்டோபர் 30இல், கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ் பேசும் மக்கள் கையிற் சிறு தொகையோடு வீதிக்கு வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்துக் கொட்டில்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். அன்று சிறுவராயிருந்த நாம் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டோம். எம்மில் எத்தனைபேர் வீட்டிலே அதுபற்றிக் கேட்டோம்?

துப்பாக்கி முன்னே யார் வாய்திறக்க முடியும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அந்நாளிலேயே அக்கொடுமையை எழுதி வைத்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. ஊர்காவற் படையினர் கிழக்கிலே தமிழருக்குச் செய்த கொடுமைகளைச் சுட்டுவீர்கள். அதற்கும் தனி வழக்கு உண்டு. அதை யாழ்ப்பாணத்துத் தையற்காரன்மீது தொடுக்க முடியாது. துப்பாக்கி ஓய்ந்தது 2009 மே மாதத்தில். அதற்குப் பிந்திய மௌனத்துக்கு யார் காவல் நின்றார்கள்?

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்றை வரையறுத்துச் சொல்லவேண்டும். மகன் தந்தைக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதில்லை. 1946இலேயே ஜேர்மன் தத்துவஞானி கார்ல் யாஸ்பேர்ஸ் இதைப் பிரித்துக் காட்டினார்: குற்றவியற் பழி செய்தவனுக்கே உரியது, அரசியற் பொறுப்போ அவ்வரசின் குடிகள் அனைவருக்கும் உரியது. தமிழர் பெயரால் ஒன்று செய்யப்பட்டதென்றால், அப்பெயரை வைத்து உரிமை கேட்கும் நாம் அந்தக் கடனையும் சேர்த்துத்தானே பெற்றுக்கொள்கிறோம்? சொத்தை ஏற்றுக் கடனை மறுக்கும் வாரிசை எந்த நீதிமன்றம் மதிக்கும்?

கடன் என்றது வெறும் உவமையன்று. எமது நாட்டிலே 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, பிறர் நிலத்தைப் பத்தாண்டு இடையூறின்றித் தனதாக ஆண்டவன் அதற்கு உரிமை கோரலாம். புத்தளத்திலே கிடந்தவன் எப்படி இடையூறு செய்வான்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் போரினால் வரமுடியாதிருந்தவர்களுக்கு, வழக்கிடுவதற்கு இரண்டு வருட வாசலைத் திறந்தது. வாசல் மூடிவிட்டது. ஜேர்மனியரும் இவ்வாறே காலவரம்பைப் பற்றித் தம் பாராளுமன்றத்தில் 1965இலும் 1969இலும் போராடினர். 1979இலேதான் கொலைக்குக் காலவரம்பே இல்லையென்று முடிவுசெய்தனர். அவர்கள் ஆயுளை நீட்டினார்கள். நாம் இரண்டு வருடத்தோடு திருப்தியடைந்தோம்.

2002 ஏப்ரலிற் கிளிநொச்சியிலே புலிகளின் தலைமை முஸ்லிம்கள் திரும்பலாம் என்று சொன்னது.  வீட்டுத் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

ஆகவே இளைஞர்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறோம். உங்கள் வீட்டு முதியோரிடம், 1990இல் என்ன கண்டீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சினந்தாலும் எழுதுங்கள். வடக்கிலே உறவினர் இருக்கும் வீடுகளிலே, அந்நிலத்தின் பழைய உறுதி யார் பெயரில் உள்ளது என்று பார்த்துச் சொல்லுங்கள். கட்டணமின்றி அதை ஆராய எம் தொழிலிலே சிலர் இசைந்துள்ளனர். வருகிற ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை இதே மண்டபத்திற் கூடுவோம். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் அழைப்பு எழுதியாகிவிட்டது. அவர்கள் வந்தால் முதலிற் பேசுவது அவர்களே. நாம் முன்வரிசையிலிருந்து கேட்போம்.