தனக்குத் தானே எல்லை போட்ட ஊர்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் ஈம் என்றொரு மலைச் சிற்றூர். 1665இல் லண்டனிலிருந்து அங்குள்ள தையற்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை ஒன்று வந்தது. கொள்ளைநோயும் கூடவே வந்தது என்பார்கள்.

மறு ஆண்டு கோடையில் ஊர்த் தேவாலயத்தின் குரு வில்லியம் மாம்பசன், முன்பு அங்கே குருவாக இருந்த தாமஸ் ஸ்டான்லியோடு சேர்ந்து மக்களைக் கேட்டுக்கொண்டார்: யாரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டாம். மக்களும் சம்மதித்தார்கள்.

தேவாலயத்தைப் பூட்டினார்கள். திறந்தவெளிப் பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று வழிபட்டார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லையில் உணவை வைத்துப் போனார்கள். அதற்கான காசு கல்குழியில் வினிகருக்குள் கிடந்தது.

ஒரு தாய் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். குருவின் மனைவி கேத்தரினும் தப்பவில்லை.

14 மாதங்களில் இறந்தவர்கள் சுமார் 260 பேர். ஆகஸ்டின் கடைசி ஞாயிறன்று ஊரார் இன்றும் நினைவு வழிபாடு நடத்துகிறார்கள்.