சீக்கு நாட்களின் கணக்கு

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பிரிட்டனில் ஒரு நர்சு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார். அதே துறையைச் சேர்ந்த வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாறிப் போக நினைக்கிறார். திறமை இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, அங்கே ஆள் தேவையும் இருக்கிறது. ஆனாலும் மனுப் போடத் தயங்குகிறார். ஏன்? சென்ற ஆண்டில் ஐந்து தடவை சீக்காகி வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறார். அந்தக் கணக்கு புதிய இடத்துக்கு வந்தால், "இவர் அடிக்கடி படுத்துக்கொள்கிறவர்" என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறார்.

இந்தப் பயத்துக்கு இடமுண்டா, சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறை எப்படி இருக்கிறது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கடல் கடந்த நாட்டு நர்சின் கதை நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். நமது ஊர்களிலிருந்து போன பெண்பிள்ளைகளும் அந்த ஆஸ்பத்திரிகளில் இரவும் பகலும் உழைக்கிறார்கள் என்பது ஒரு காரணம். சீக்கு நாளை எண்ணுகிறவன் யார், எதற்காக எண்ணுகிறான் என்ற கேள்வி உழைக்கிறவர் எல்லோருக்கும் பொதுவான கேள்வி என்பது இன்னொரு காரணம்.

சுரங்கத் தொழிலாளியின் கைவேலை

பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை 1948-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி தொடங்கியது. அதைக் கொண்டு வந்த மந்திரி அனூரின் பெவன். வேல்ஸ் பகுதியில் டிரெடீகர் என்னும் ஊரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 13 வயதில் தாமே சுரங்கத்தில் இறங்கியவர். அந்த ஊர்த் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சந்தா கட்டித் தங்களுக்கென்று ஒரு வைத்தியச் சங்கம் நடத்தி வந்தார்கள். அதைக் கண்ணால் கண்டவர் பெவன். சீக்கு வந்தவன் பையைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை, செலவை எல்லோரும் சேர்ந்து ஏற்பது என்ற கொள்கையை நாடு முழுவதற்கும் சட்டமாக்கினார்.

அதே 1948-ல்தான் நமது நாட்டில் இ.எஸ்.ஐ. சட்டம் நிறைவேறியது. சீக்குக்கால உதவித்தொகை பெற்றுவரும் தொழிலாளியை அந்தக் காலத்தில் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று அதன் 73-வது பிரிவு விதித்தது. சீக்கு என்பது குற்றமல்ல என்பதே இரண்டு சட்டங்களின் அடிப்படையும்.

ஆனால் சீக்கைத் தீர்க்கும் வீட்டில் வேலை செய்கிறவர்களும் சீக்காகிறார்கள். இங்கிலாந்தில் மட்டும் இந்தத் துறையில் சுமார் 15 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். படுத்த நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு போகிறது. இரவு ஷிப்டில் தூக்கம் கெடுகிறது. வார்டிலுள்ள தொற்று நர்சையும் பிடிக்கிறது. மன உளைச்சலால் இழக்கும் நாட்கள் மற்ற எந்தக் காரணத்தைக் காட்டிலும் அதிகம். 2009-ல் வெளியான பூர்மன் அறிக்கை, இத்துறை ஊழியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரி 10.7 நாள் சீக்கால் வேலையை இழக்கிறார் என்று கணக்கிட்டது. இவர்கள் சோம்பேறிகளா? இல்லை. வேலையின் தன்மைதான் அப்படி.

வாசலில் நிற்கும் சட்டம்

2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும். அதன் 60-வது பிரிவு கூறுவது இது: வேலை தருவதாக முடிவு சொல்வதற்கு முன்பு, மனுதாரரின் உடல்நலம் பற்றி நிர்வாகம் கேட்கக் கூடாது. எத்தனை நாள் சீக்கு லீவு எடுத்தாய் என்பதும் அந்தத் தடைக்குள்தான் வரும். பழைய நிர்வாகத்திடம் சான்றுக் கடிதம் கேட்கும் சாக்கிலும் அப்போது கேட்கக் கூடாது. அந்த வேலைக்கு இன்றியமையாத ஒரு செயலை மனுதாரரால் செய்ய முடியுமா என்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

நல்ல சட்டம். ஆனால் அது காவல் நிற்பது வாசலில் மட்டும்தான். வேலை தருகிறோம் என்று சொன்ன பிறகு கேட்கலாம். அங்கே முதலில் தரும் உத்தரவு "நிபந்தனைக்கு உட்பட்டது". சான்றுக் கடிதம் வர வேண்டும். மருத்துவப் பிரிவு பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகே உறுதியான உத்தரவு. தயங்குகிற நர்சின் பயம் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

இன்னொரு விஷயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்துறை ஊழியர்களின் விவரங்கள் ஒரே கம்ப்யூட்டர் ஏட்டில் இருக்கின்றன. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் சர்வீஸ் தேதி, பயிற்சி விவரம் இவற்றோடு சீக்கு லீவுக் கணக்கும் கூடவே போகும்.

ஐயோ, அப்படியானால் அந்த ஏட்டையே ஒழித்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது, தோழர்களே! அதே ஏடுதான் உரிமையையும் சுமந்து போகிறது. இத்துறையில் 5 ஆண்டு சர்வீஸ் முடித்தவருக்கு 6 மாதம் முழுச் சம்பளமும் 6 மாதம் அரைச் சம்பளமும் சீக்குக் காலத்தில் உண்டு. முதல் ஆண்டு ஊழியருக்கோ 1 மாதம் முழுச் சம்பளம், 2 மாதம் அரைச் சம்பளம்தான். ஆஸ்பத்திரி மாறினாலும் இடையில் 12 மாதத்துக்கு மேல் இடைவெளி விழாவிட்டால் பழைய சர்வீஸ் சேர்த்து எண்ணப்படும். தொழிற்சங்கங்கள் பேரம் பேசிப் பெற்ற உரிமை இது. ஏடு ஒன்றுதான். உரிமையைக் கணக்கிட அதைத் திறந்தால் நியாயம். ஆளை வடிகட்டத் திறந்தால் அநியாயம்.

பிராட்போர்டு கணக்கு

சீக்கு நாளை எண்ணுவதில் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. அதற்குப் பிராட்போர்டு கணக்கு என்று பெயர். பிராட்போர்டு ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஓர் ஆண்டில் எத்தனை தடவை சீக்கானாய் என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கு. வந்ததை மொத்தச் சீக்கு நாட்களால் பெருக்கு. இதுதான் கணக்கு.

ஒருவர் கால் முறிந்து ஒரே தடவையாக 40 நாள் படுத்தார். 1-ஐ 1-ஆல் பெருக்கி, 40-ஆல் பெருக்கினால் 40. இன்னொருவர் ஐந்து தடவை, தடவைக்கு 2 நாள் வீதம் 10 நாள்தான் படுத்தார். 5-ஐ 5-ஆல் பெருக்கினால் 25. அதை 10-ஆல் பெருக்கினால் 250! 40 நாள் வராதவரைவிட 10 நாள் வராதவர் ஆறு மடங்கு குற்றவாளி ஆகிவிட்டார்.

இந்தக் கணக்கை எல்லா ஆஸ்பத்திரிகளும் கைக்கொள்வதில்லை. பல இடங்களில், 12 மாதத்தில் இத்தனை தடவை என்று வரம்பு வைத்து, தாண்டினால் விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். எந்த முறையானாலும் அடி விழுவது அடிக்கடி சிறுசிறு நாட்கள் படுப்பவர்மீதுதான். அவர் யார்? இழுப்பு நோய்க்காரர், ஒற்றைத் தலைவலியால் துடிப்பவர், மாதவிலக்கு வலியால் அவதிப்படும் பெண். உடம்பு முழுதும் தேறுமுன்னே "ஆள் இல்லையே" என்று ஓடி வந்து, மறுபடியும் விழுபவரும் இவர்தான். சீக்கிரம் திரும்பி வந்தவருக்குத்தான் தண்டனை!

நியாயமற்ற இந்த எண்ணுக்கு ஒரு கடிவாளம் உண்டு. கர்ப்பத்தால் வந்த சீக்கு நாட்களைக் காட்டி ஒரு பெண்ணுக்குப் பாதகம் செய்வது சட்டவிரோதம். உடல் ஊனம் அல்லது நீடித்த நோயால் வந்த நாட்களைக் காட்டி, தகுந்த நியாயம் இல்லாமல் உத்தரவை வாபஸ் வாங்கினால் அதுவும் பாரபட்சமே. தொழில் தீர்ப்பு மன்றத்துக்குப் போகலாம்.

மாறுகிறவர் இழப்பது

சீக்குச் சம்பள உரிமை கூட வருகிறது என்றோம். ஆனால் எல்லாம் வருவதில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரி டிரஸ்டும் சட்டத்தின் கண்ணில் தனித்தனி முதலாளி. அநியாய வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்காடும் உரிமை, புது இடத்தில் பொதுவாக முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணப்படும். 2012 முதல் இதற்கு 2 ஆண்டு சர்வீஸ் கேட்டார்கள்; இதை 6 மாதமாகக் குறைக்க 2025-ம் ஆண்டுச் சட்டம் வகை செய்திருக்கிறது. பத்தாண்டு சர்வீஸ் உள்ளவரும் மாறிய அன்று புதியவரே. அந்த வேளையில் சீக்கானால்?

நமது நாட்டிலிருந்து வேலை விசாவில் போனவருக்கு இன்னொரு கட்டு. விசா முதலாளியோடு கட்டப்பட்டது. மாற வேண்டுமானால் புது ஆஸ்பத்திரி அவருக்கென்று பொறுப்பேற்புச் சான்று தர வேண்டும். எனவே காய்ச்சலோடு வார்டுக்குப் போகிறார். பிடிக்காத இடத்திலேயே கிடக்கிறார்.

காண்டிராக்டரின் வேலிக்கு வெளியே

நர்சாவது பரவாயில்லை. அதே வார்டைக் கூட்டித் துடைப்பவரின் நிலை என்ன? 1983-ல் சர்க்கார், ஆஸ்பத்திரித் துப்புரவு, சாப்பாடு, சலவை வேலைகளை டெண்டருக்கு விடச் சொன்னது. காண்டிராக்ட் கம்பெனிகள் புகுந்தன. ஒரே கூரையின்கீழ் இரண்டு சட்டம் வந்தது.

லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் துப்புரவாளர், சுமை தள்ளுவோர், சமையல் ஊழியர் 2019-ம் ஆண்டு இறுதியில் வேலை நிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று பிரிட்டனில் சட்டப்படி கட்டாயமான சீக்குப் பணம் வாரத்துக்கு 94 பவுன் சொச்சம். முதல் 3 நாளுக்கு அதுவும் கிடையாது. எங்களை ஆஸ்பத்திரியின் நேரடி ஊழியராக்கு என்பதே அவர்கள் கோரிக்கை. நிர்வாகம் இறங்கி வந்தது. 2020 ஏப்ரல் முதல் அந்த டிரஸ்டின் ஐந்து ஆஸ்பத்திரிகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நேரடி ஊழியரானார்கள். கொரோனா தொற்று லண்டனை உலுக்கிக்கொண்டிருந்த சமயம் அது! தரையைத் துடைப்பவர் காய்ச்சலோடு வரக் கூடாது என்பது நோயாளியின் உயிர்ப் பிரச்சினையும்கூட என்பதை நாடு கண்ணால் கண்டது.

செய்ய வேண்டியது

அங்கே போயிருக்கும் நமது பிள்ளைகளுக்கு எழுதுகிற தோழர்கள் இவற்றைச் சொல்லி எழுதுங்கள். உறுதியான உத்தரவு எழுத்தில் கைக்கு வருமுன் பழைய வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம். தன்னைப் பற்றிய லீவுக் கணக்கைக் கேட்டுப் பெற ஊழியருக்கு உரிமை உண்டு. வாங்கிப் பார்த்து, தவறிருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது. பின்னால் அதுவே வேலைக்கு உலை வைக்கும். சீக்கு வேலையால் வந்ததென்றால் அதை அன்றே பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், சங்கத்தில் சேர வேண்டும். விசாரணை அறைக்குத் தனியாகப் போகக் கூடாது.

தோழர்களே! மோட்டார் சூடேறினால் ஆலை முதலாளி அதைத் திட்டுவதில்லை; நிறுத்தி வைத்து எண்ணெய் போடுகிறான். களத்து மாடு நொண்டினால் மிராசுதார் வைத்தியனைக் கூப்பிடுகிறான். மனிதன் படுத்தால் மட்டும் நோட்டுப் புத்தகத்தை எடுக்கிறார்கள். ஐந்து தடவை படுத்தவரிடம் "ஏன் வரவில்லை" என்று மட்டும் கேட்டால் போதாது. "இந்த வேலை உன்னை ஏன் ஐந்து தடவை படுக்க வைத்தது" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தனி ஆள் கேட்டால் முணுமுணுப்பு. சங்கம் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.