எதுகை எங்கே நிற்கிறது?
இலக்கியக் கலைச்சொற்களைக் கற்றலும் கற்பித்தலும்



இலக்கியக் கலைச்சொற்களைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளார்கள். கலைச்சொல்லையும் அதன் விளக்கத்தையும் வரிசையாகப் படித்துவிட்டு அமர்வது எளிது. ஆனால் அத்தகைய பட்டியல் உங்கள் கையேடுகளிலேயே இருக்கிறது. ஆகவே நாம் ஒருமுறை செய்த பிழையிலிருந்து இன்றைய உரையைத் தொடங்குகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். கொடுக்கப்பட்ட கவிதையிலிருந்து எதுகையை எடுத்துக்காட்டுக என்பது வினா. மாணவர் ஒருவர் அடிகளின் இறுதியில் நின்ற சொற்களை எடுத்தெழுதி, அவை ஒத்து ஒலிப்பதை அழகாக விளக்கியிருந்தார். நாம் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டுச் சுழியம் அளித்தோம்.

மறுநாள் அவர் தாளோடு வந்தார். “ஐயா, இந்தச் சொற்கள் ஒன்றுபோல ஒலிக்கவில்லையா?” என்று கேட்டார். ஒலிக்கின்றன என்றோம். “அகராதியில் ரைம் என்பதற்கு எதுகை என்றுதானே ஐயா போட்டிருக்கிறது?” என்றார். நம்மிடம் உடனே விடை இல்லை. “எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. மனப்பாடம் செய்துகொள்” என்று அனுப்பிவிட்டோம். அடுத்த ஆண்டு அவர் இலக்கியப் பாடத்தை எடுக்கவில்லை. அதற்கு நாமே காரணம் என்று கூறச் சான்றில்லை. ஆயினும், சரியாகக் கேட்ட ஒரு செவிக்கு நாம் சுழியம் அளித்தோம் என்னும் எண்ணம் இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை.

அம்மாணவர் தேசியப் பள்ளிச் சூழலில் பந்துன் கற்றவர். பந்துனின் நான்கு அடிகளில் முதலாம் அடியின் இறுதி மூன்றாம் அடியோடும், இரண்டாம் அடியின் இறுதி நான்காம் அடியோடும் ஒத்து ஒலிக்கும். ஆங்கிலப் பாடத்திலும் அடியிறுதி ஒலியையே அவர் கண்டிருந்தார். இரு மொழிகளில் பழகிய செவியோடு தமிழ்க் கவிதைக்கு வந்தவருக்கு, ‘எதுகை’ என்னும் சொல்லை ஆங்கிலச் சொல்லின் நிகராக நாம் கொடுத்திருந்தோம். அவர் அதை நம்பினார்.

தொடை என்னும் சொல்

இனி அந்த ஒலியொப்புமையைத் தமிழ் மரபு எவ்வாறு பார்த்தது என்பதைக் காண்போம். யாப்பருங்கலக்காரிகை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று செய்யுளின் உறுப்புகளை அடுக்கிச் செல்கிறது. இவை வானத்திலிருந்து இறங்கிய சொற்கள் அல்ல. தளை என்பது கட்டு. கால்நடையைப் பிணிக்கும் கயிறும் தளைதான். தொடை என்பது தொடுத்தல். பூத்தொடுப்பவர் செய்யும் அதே வேலை. பூவும் பூவும் எந்த இடத்தில் பிணைக்கப்படுகின்றன என்பதை மாலை கட்டுபவர் அறிவார். அடியும் அடியும் எந்த இடத்தில் பிணைகின்றன என்பதையே தொடையிலக்கணம் கேட்கிறது.

அடிகளின் முதலெழுத்து ஒன்றினால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. அவ்வாறு ஒன்றும்போது முதலெழுத்துகள் அளவில் ஒத்திருத்தல் வேண்டும். அடியிறுதி ஒன்றினால் இயைபு. சொல்லோ பொருளோ மாறுபட்டு நின்றால் முரண். இவற்றுள் எதுவும் அமையாதபோதும் நம் முன்னோர் விட்டுவிடவில்லை. அதற்குச் செந்தொடை என்று பெயரிட்டனர்.

வகுப்பறைக்காக நாமே கட்டிய எளிய அடிகள் இரண்டைக் கேளுங்கள்:

காலைக் காற்றில் கொடி ஆடும்
தோப்பின் நிழலில் குயில் பாடும்

‘ஆடும்’, ‘பாடும்’ என்னும் சொற்கள் அடியிறுதியில் நின்று ஒத்து ஒலிக்கின்றன. இது இயைபு. அதே சொற்களை இடம் மாற்றுவோம்:

ஆடும் கொடியில் புதிய அரும்பு
பாடும் குயிலோ மாமரக் கிளையில்

இப்போது எதுகை. சொற்கள் மாறவில்லை, நிற்கும் இடம் மாறியது, பெயரும் மாறியது. ‘இரண்டாம் எழுத்து’ என்னும் விதியை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் முதல் எடுத்துக்காட்டிலும் எதுகை என்றே எழுதக்கூடும். ஏனெனில் ஆடும், பாடும் என்பவற்றின் இரண்டாம் எழுத்து அங்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது. அடியை அடியோடு எந்த முனையில் தொடுக்கிறோம் என்று கேட்கப் பழகியவர் தவறமாட்டார்.

தமிழ்ச் செய்யுள் அடியிறுதியைவிட அடிமுதலை ஏன் இவ்வளவு விரும்பியது? மொழியியல் மாணவர் என்ற முறையில் நம் கருத்தைச் சொல்கிறோம். தமிழ் விகுதியேற்கும் மொழி; வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்கும் மொழி. வந்தான், சென்றான், கண்டான் என்று இறுதிகள் தாமாகவே ஒத்துவிடும். எளிதில் கிடைக்கும் ஒப்புமையில் சுவை குறைவு. சொல்லின் வேர் இருப்பதோ முன்பகுதியில். வேரோடு வேரைப் பிணைப்பதற்குத் தேர்ச்சி வேண்டும். எதுகையின் பெருமை அங்கே இருக்கிறது. இவ்வாறு விளக்கினால், மாணவர் ஓர் இலக்கண விதியோடு தம் மொழியின் இயல்பையும் சேர்த்துக் கற்கிறார்.

நிகர்ச்சொல் காட்டும் தவறான வழி

இதே போன்ற இடறல் வேறு இடங்களிலும் உண்டு. ஆங்கில யாப்பில் ‘ஃபுட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘அடி’ என்றாகும். ஆனால் அதன் பணியைத் தமிழில் ஏறத்தாழச் செய்வது சீர். நம் அடியோ அவர்களுடைய வரி. கால் என்னும் ஒரே உருவகத்தை இரு மரபுகளும் எடுத்துக்கொண்டு இருவேறு அளவுகளுக்குப் பெயராக்கின. ஆகவே நிகர்ச்சொல்லைக் கொடுப்பதில் குற்றமில்லை. அதன் எல்லையையும் உடன் கொடுத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

புதிய கலைச்சொற்களுக்கு நாம் எதிரியல்லோம். 1959ஆம் ஆண்டு சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய பின்னர் வளர்ந்த புதுக்கவிதைக்கும் அதன் திறனாய்வுக்கும் படிமம், குறியீடு முதலிய சொற்கள் தேவைப்பட்டன. அவை இன்று தமிழே. புதிய சொல்லும் பழைய சொல்லும் வெவ்வேறு வேலை செய்கின்றன என்பதை உணர்ந்தால் போதும்.

மதிமுகமும் முகமதியும்

அடுத்து உவமையும் உருவகமும். ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று மாணவர் எழுதுகின்றனர். இது பாதி உண்மை. ‘மதிமுகம்’ என்பதில் ‘போல’ இல்லை. ஆயினும் அது உவமைத்தொகை. ‘முகமதி’ என்பதே உருவகம்.

வேறுபாட்டை உணர ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தமிழ்த் தொகைச்சொற்களில் தலைமைச் சொல் பெரும்பாலும் இறுதியில் நிற்கும். மதிமுகத்தில் தலைமை முகத்திற்கு. எனவே ‘மதிமுகம் வாடியது’ என்பது பொருந்துகிறது. முகமதியில் தலைமை மதிக்கு. எனவே ‘முகமதி தேய்ந்தது’ என்பது பொருந்துகிறது. முகம் வாடும், தேயாது. மதி தேயும், வாடாது. உவமையில் நாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். உருவகத்தில் முகம் மதியாகவே ஆகிவிட்டதால், மதிக்கு நேர்வதெல்லாம் அதற்கும் நேர்கிறது. பிரிவால் ஒருத்தி மெலிவதைக் கூற வந்த கவிஞர், தேய்பிறை முழுவதையும் ஒரே வினையால் கொண்டுவந்துவிடலாம்.

தொல்காப்பிய உவமவியல் உருவகத்தைத் தனி அணியாகப் பிரித்துப் பேசவில்லை. வினை, பயன், மெய், உரு என உவமை தோன்றும் நான்கு வகைகளைக் கூறுகிறது. பின்வந்த தண்டியலங்காரம் 35 பொருளணிகளுள் உருவகத்தைத் தனியே வைத்து இலக்கணம் வகுக்கிறது. கலைச்சொற்களுக்கும் வரலாறு உண்டு என்பதை மாணவர் அறிந்தால், அவற்றைக் கண்டு அஞ்சமாட்டார்.

யார் கூறுகிறார், யார் கேட்கிறார்?

தொல்காப்பியச் செய்யுளியல் 34 உறுப்புகளை எண்ணுகிறது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்னும் நான்கும் நம் வகுப்பறைகளில் அரிதாகவே ஒலிக்கின்றன. “கவிஞர் என்ன சொல்கிறார்?” என்றே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். அகப்பாடலில் பேசுபவர் கவிஞர் அல்லர். தலைவியோ தோழியோ தலைவனோ பேசுகிறார். குளத்தில் இறங்கி மலர்களைச் சிதைத்துக் கரையேறும் எருமையைத் தோழி வருணிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவன் பரத்தையிடமிருந்து திரும்பிய தலைவன் என்று தெரிந்தால்தான் அவ்வருணனை குத்தும். உள்ளுறை உவமம் சொல்லில் முடிவதில்லை. கேட்போர் மனத்தில் முடிகிறது.

இவ்வினாக்கள் சங்கப் பாடலோடு நின்றுவிடுவதில்லை. தோட்டப்புறத்துப் பிரட்டுக்களத்தை இன்றைய கவிதை ஒன்று பாடினால், அங்கே பேசுவது யார்? பால்மரம் வெட்டும் தாயா? நகரத்தில் படித்துத் திரும்பிய மகளா? அவள் யாரிடம் பேசுகிறாள்? தோட்டம் இருக்கும்போதா, விற்கப்பட்ட பின்னரா? கூற்று, கேட்போர், களன், காலம் என்னும் சொற்கள் அக்கவிதையின் வாயிலையும் திறக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களே, கலைச்சொல்லைப் பாடத்தின் முதலில் கரும்பலகையில் எழுதாதீர்கள். முதலில் கவிதையை உரக்கப் படியுங்கள். எங்கே ஒலி ஒத்தது, எங்கே பார்வை நின்றது, யார் பேசினார் என்று மாணவரைக் கேளுங்கள். அவர்கள் கண்டு சொன்ன பின்னர், அதற்கு உரிய பெயரைக் கொடுங்கள். தாம் கண்ட ஒன்றிற்குப் பெயர் கிடைத்தவர் அதை மறக்கமாட்டார். விடைத்தாளில் பெயர் தவறியிருந்தாலும் நோக்கு சரியாக இருந்தால், அதையும் ஒரு வரியில் எழுதிப் பாராட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே, தேர்வுக்கு வரையறைகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு கலைச்சொல்லின் கீழும், அது எந்த வினாவுக்கு விடையாகப் பிறந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

அன்று தாளோடு வந்து நின்ற அந்த மாணவர் இன்று மீண்டும் வந்தால் நாம் கூறவேண்டியது இதுதான்: “தம்பி, உன் செவி சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நீ கேட்டதற்குத் தமிழில் இயைபு என்று பெயர். எதுகை அடியின் மறுமுனையில் நிற்கிறது. வா, இருவரும் சேர்ந்து தேடுவோம்.”