சைக்கிளுக்கும் ஒரு நோட்டு



2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 100 வீடுகளுக்குச் சுமார் 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. பால்காரர், கொத்தனார், மில் தொழிலாளி எனப் பலரும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள். வழியில் சைக்கிள் நின்றுவிட்டால் அன்றைய கூலி போச்சு.

பஞ்சாபில் உள்ள லூதியானா நகரம் சைக்கிள் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே செய்யும் கறுப்பு நிறப் பெரிய சைக்கிள் 20 ஆண்டுகள்கூட உழைக்கும். அதன் பிரேம் இரும்பு, எளிதில் கெடாது. தேய்வது மற்ற பாகங்கள்தான். அவற்றைக் காலத்தில் மாற்றினால் போதும்.

முதலில் செயின். வாரம் ஒருமுறை துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பிள்ளைகளின் ஸ்கேலை எடுத்து, ஒரு பின்னின் நடுவில் 0 வையுங்கள். புதிய செயினில், அங்கிருந்து 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அதைத் தாண்டி அரைக்கால் அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர் போய்விட்டதா? உடனே செயினை மாற்றுங்கள். விட்டுவிட்டால் அது பல்சக்கரத்தையும் பிரீவீலையும் தேய்த்துவிடும். ஒரு செலவு மூன்று செலவாகும்.

அடுத்து பிரேக். இது உயிர் சம்பந்தப்பட்டது. ரப்பர் கட்டை தேய்ந்தால் மாற்றுங்கள். ரிம்மில் எண்ணெய் படக்கூடாது. மழையில் ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே அழுத்துங்கள்.

பெரிய சைக்கிளின் முன் சக்கரத்தில் 32 கம்பிகள், பின் சக்கரத்தில் 40 கம்பிகள். எண்ணிப் பாருங்கள். ஒன்று உடைந்தாலும் சக்கரம் கோட்டமாகும்.

பழைய சைக்கிளை மேம்படுத்தவும் செய்யலாம். இரவு வேலைக்குப் போகிறவர் முன்னால் விளக்கும் பின்னால் சிவப்பு ஒளிகாட்டியும் போடலாம். சுமை ஏற்றுகிறவர் கனமான கேரியர் மாட்டலாம். எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். கையில் காசு வரும்போது ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

நண்பர்களே, உங்களுக்கு இப்போது எழுதத் தெரியும். சைக்கிளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மாற்றிய பாகம், கொடுத்த பணம், இந்த மூன்றையும் எழுதுங்கள். பின் டயர் அடிக்கடி மாறுகிறதா? நோட்டு காட்டிக்கொடுக்கும். காற்று குறைவா, பாரம் அதிகமா என்று பார்க்கலாம். கடைக்காரர் "பிரீவீல் போச்சு" என்று சொன்னால், "மாற்றி 4 மாதம்தானே ஆகிறது?" என்று நோட்டைக் காட்டிக் கேட்கலாம்.

அப்படிக் கேட்பவரை ஏமாற்றுவது சுலபமல்ல. இன்றைக்கே முதல் வரியை எழுதுங்கள்.