டிரங்குப் பெட்டியும் பல்கலைக்கழக நூலகமும்
(கட்கியில் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணேஷ்கிண்டில் வெள்ளைக்கார கவர்னர் குடியிருந்த மாளிகையில் 1949இல் பல்கலைக்கழகம் வந்தது. கட்கியிலிருந்து நடந்தே போகலாம். அங்குள்ள ஜயகர் நூலகத்திலோ, 1905 முதல் நூல் சேர்த்துவரும் கோகலே இன்ஸ்டிடியூட் நூலகத்திலோ நம்மில் எத்தனை பேர் காலடி வைத்திருக்கிறோம்? அதெல்லாம் எம்.ஏ. படித்தவர்களுக்கு என்று ஒதுங்கிவிட்டோம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? பிள்ளைகளுக்கு ஜாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950 ஆகஸ்டு 10ஆம் தேதியன்று உன் குடும்பம் மகாராஷ்டிரத்தில் நிலையாகக் குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்டு என்கிறார்கள். அட்டவணைச் சாதிகள் பற்றிய ஜனாதிபதி ஆணை பிறந்த நாள் அது. பிறகு வந்தவனுக்குப் புறப்பட்ட மாநிலத்தில்தான் சலுகை என்று சுப்ரீம் கோர்ட் 1990இலும் 1994இலும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாம் ரயிலேறி வந்தபோது தீண்டாமை மட்டும் வாடி ஜங்ஷனில் இறங்கிக்கொண்டதா, தோழர்களே?

நூலகத்தில் அந்த அத்தாட்சி கிடைக்குமா? நேராகக் கிடைக்காது. 1885இல் வெளிவந்த பூனா ஜில்லா கெஜட்டியர் மூன்று பாகம். அதில் நம் பாட்டன் பெயர் இராது. 1931 ஜனத்தொகைக் கணக்கில் ஜில்லாவாரியாக, மொழிவாரியாகத் தலைகள்தான் உண்டு, பெயர்கள் இல்லை. ஆனால் அந்தத் தலைக்கணக்கு நமக்கு வேண்டும். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை 1869இல் ஏற்பட்டது. 'நீங்கள் நேற்று வந்தவர்கள்' என்பவனுக்குப் பதில் சொல்லவும், விதியை மாற்றக் கோரி மனு எழுதவும் அச்சிட்ட எண் கையில் இருக்கவேண்டும். வாய்ப்பேச்சு ஆபீசில் செல்லாது. இருபது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்த நமக்கு இது தெரியாதா!

பழைய நூல்களை அலமாரியில் நாமே எடுக்க முடியாது. சங்கக் கடிதத்தில் என்ன நூல், எதற்கு என்று முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்கவேண்டும். அடையாள அட்டை வேண்டும். பையை வெளியே வைத்துவிட்டு, பேனாவுக்குப் பதில் பென்சில் கொண்டுபோவது நல்லது. சீட்டு எழுதிக் கொடுத்தால் நூல் மேஜைக்கு வரும், வீட்டுக்கு வராது. படம் எடுக்குமுன் கேட்கவேண்டும். ஒரு நூலகத்து வாசலில் நம்மை 'எந்தக் காலேஜ்?' என்றார்கள். 'ரயில்வே' என்றோம். முகம் சுளித்தவர்கள் கடிதத்தைப் படித்ததும் நாற்காலி போட்டார்கள்.

இந்த நூல்களைச் சேர்த்தவர்கள் எல்லாம் பட்டதாரிகள் என்று எண்ணவேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதியவர். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவர் சேர்த்ததை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைக் கோலார் தங்கவயல் தொழிலாளர்களும் தாங்கினார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைக் காத்திராவிட்டால், 1999இல் ஞான. அலாய்சியஸ் எதைத் தொகுத்திருப்பார்?

பெயரோடு கூடிய அத்தாட்சி நம் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது: பள்ளி விலகல் சான்று, தொழிற்சாலைச் சம்பளச் சீட்டு, கன்டோன்மென்ட் வரி ரசீது.  தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பழங்காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள், தாய்மார்களே. 1950க்கு முந்தியது எதுவானாலும் நகல் எடுத்துச் சங்கத்தில் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். சங்கச் செயலாளர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.